சித்ரா குடியிருக்கும் வீடு

1

எங்கள் தஞ்சாவூர் வீட்டில் பால் காய்ச்சிய நாள் நேற்று மறுபடி வந்தது. இங்கே பெர்கனில் வழக்கம்போல மழை. நார்வேயின் மேற்குக் கரையில், மலைகளுக்கு நடுவே கிடக்கும் இந்த ஊரில், மழை பெய்யாத நாளைத்தான் ஒருவருக்கொருவர் செய்தியாகச் சொல்லிக்கொள்வார்கள். முதியோர் இல்லத்தில் காலைப் பணியை முடித்துவிட்டு டிராமில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்ணாடியில் நீர் வழிந்தது. கண்ணை மூடியதும் அந்த வீட்டுக்குள் போய்விட்டேன்.

இது எனக்குப் பல வருடப் பழக்கம். இரும்புக் கேட்டைத் தள்ளுகிறேன். செம்பருத்திச் செடி தோளில் உரசுகிறது. கூடத்துத் தரை உள்ளங்காலுக்குச் சில்லென்று இருக்கிறது. மாடிப்படி ஏறி, ஆற்றுப் பக்கத்து அறையின் ஜன்னலைத் திறக்கிறேன். புது ஆற்றில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போகிறது. மொட்டை மாடிக்குப் போனால் தென்னந்தலைகளுக்கு மேலே பெரிய கோயில் விமானம், வெயிலில் மிதப்பதுபோல. அதற்குள் டிராம் என் நிறுத்தத்தைத் தாண்டிவிடும். இறங்கி, நனைந்துகொண்டே திரும்பி நடப்பேன்.

முன்பெல்லாம் அந்த வீட்டுக்குள் நான் மட்டும்தான் நடப்பேன். இப்போது அப்படியில்லை. அடுப்படியில் சித்ரா நிற்கிறாள். கூடத்தில் அவள் மகள் அபி, புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு படுத்திருக்கிறாள். நான் அவர்களைத் தாண்டி, சத்தம் போடாமல் மாடிக்குப் போகிறேன்.

2

எனக்கு ஊர் திருப்பனந்தாளுக்குப் பக்கம். என் கணவர் இளங்கோவுக்குக் கூத்தாநல்லூர்ப் பக்கம். இரண்டு வீட்டிலும் பெரியவர்கள் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர்கள், அறுத்தவர்கள். நான் நர்சிங் படித்தேன். அவர் கப்பல் பழுதுபார்க்கும் வேலை கற்றுக்கொண்டு சிங்கப்பூர் போய், அங்கிருந்து நார்வே வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு நானும் வந்தேன்.

வந்த புதிதில் வீடு தேடிய கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. வாடகைக்கு எடுப்பதை இந்த மொழியில் ‘லையே’ என்பார்கள். கடைசி எழுத்தை விழுங்கி ‘லை’ என்று சொன்னால் ‘சலித்துப் போச்சு’ என்று அர்த்தம். விளம்பரம் கொடுத்திருந்த ஒரு பெண்ணுக்கு நானே போன் செய்து, தப்பும் தவறுமாக, “உங்கள் வீடு எனக்குச் சலித்துவிட்டது” என்றேன். “இன்னும் பார்க்கவேயில்லையே!” என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நல்லபடியாகத்தான் பேசினார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நீங்கள் நிறையச் சமைப்பீர்களா?” அந்தக் கேள்வியை அடுத்தடுத்த வீடுகளிலும் கேட்டார்கள். “இல்லை, இல்லை, ரொட்டிதான்” என்று சொல்லக் கற்றுக்கொண்டோம்.

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலையிலிருந்து பிரிந்து போகும் ஒரு புது நகரில் இளங்கோ எங்கள் இருவர் பேரிலும் மனை வாங்கினார். வீட்டை வீடியோவில் பார்த்துப் பார்த்துக் கட்டினோம். தேக்குக் கதவு, உயரமான கூடம், மாடியில் மூன்று அறை. தெருவிலேயே பார்வையாக நிற்கும் வீடு. மகள் மதியின் படிப்பு முடிந்ததும் ஊருக்கே போய்விடுவது என்று திட்டம். அவர் தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுக்க ஆஸ்லோவில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்கு இரண்டு தடவை ரயிலில் அலைந்தோம். பத்திரத்தில் நான் தமிழில் போட்டிருந்த கையெழுத்தும், பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் இருந்த கையெழுத்தும் ஒரே ஆளுடையவை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் இருந்தவர் என் முகத்தையும் இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது.

பால் காய்ச்சிவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தோம். பூட்டிய வீடு நோயாளி மாதிரி. மோட்டார் பழுது, நிலைப்படியில் கரையான், மழைக்குச் சுவரில் ஓதம் என்று தம்பி வாரம் ஒரு சேதி சொன்னார். “ஆள் புழங்காத வீடு நிக்காது அண்ணி, வாடகைக்கு விட்டுடுங்க” என்றார். புரோக்கர் ஒருவரைப் பிடித்தோம்.

“மேடம், இது ஹை கிளாஸ் வீடு. அதுக்கேத்த பார்ட்டிக்குத்தான் காட்டுவேன். கவலைப்படாதீங்க” என்றார் புரோக்கர்.

3

ஒருநாள் அவர் தயங்கித் தயங்கிப் பேசினார். “ஒரு அம்மா தினமும் போன் பண்ணி உயிரை எடுக்குறாங்க மேடம். வசதியான பார்ட்டிதான். ஆனா நம்ம நகருக்குச் சரிப்படாது. ஓனர் நம்பர் குடுங்கன்னு ஒரே பிடிவாதம். குடுத்துட்டேன், நீங்களே முடியாதுன்னு சொல்லிடுங்க.”

அன்று சாயங்காலமே அழைப்பு வந்தது. கொஞ்சம் உடைந்த, ஆனால் தெளிவான குரல்.

“அக்கா, வணக்கம். என் பேரு சித்ரா. எங்களுக்கு மல்லிப்பட்டினம் பக்கம் கடற்கரை ஊரு. மீன் வியாபாரம். வீட்டுக்காரர் ஏலம் எடுத்து லாரியில அனுப்புறாரு. பொண்ணைத் தஞ்சாவூர்ல சேத்திருக்கோம். முதல்லயே சொல்லிடறேன் அக்கா, பின்னாடி தெரிஞ்சு காலி பண்ணச் சொல்றதுக்குப் பதிலா, வேணாம்னா இப்பவே வேணாம்னு சொல்லிடுங்க.”

“வேற வீடு எங்கயும் பாக்கலையா?” என்று கேட்டேன்.

“பாத்தோம்க்கா. எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க. என்ன தொழில்னு கேப்பாங்க. சொன்னதும், அவங்க மகன் வெளிநாட்டுலேர்ந்து வர்றதா இருக்கும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. நர்சிங் படிக்கும்போது நாங்கள் நாலு பெண்கள் அதே மருத்துவக் கல்லூரி சாலையில் மாடி ரூம் கேட்டுப் போனோம். அந்த வீட்டம்மா எங்களுக்கு மோர் கொடுத்தார். என் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு, “அந்த ஊர்ல எந்தத் தெரு?” என்றார். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் பொருள் தெரியும். நான் தெருவைச் சொன்னேன். “மாடியில ரிப்பேர் வேலை இருக்கும்மா” என்றார்.

இளங்கோவைக் கேட்காமலே சித்ராவிடம், “வாங்க, குடி வாங்க” என்றேன்.

அப்போது மதி பக்கத்தில் இருந்தாள். அவள் தமிழ் படிப்பது இங்குள்ள சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில். ஆசிரியர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அதனால் அவள் பேசுவதும் யாழ்ப்பாணத் தமிழ். “அம்மா, ஏன் ஆக்களைக் குடிச்சிட்டு வரச் சொல்லுறீங்கள்?” என்று கவலையோடு கேட்டாள்.

4

சித்ரா குடிவந்த பிறகு என் போனுக்குள் அந்த வீடு உயிரோடு வந்தது. எதற்கும் அனுமதி கேட்பாள். கேட்பதைக் குரல் பதிவாக அனுப்புவாள். “அக்கா, கூடத்துல சாமி படம் மாட்ட ஒரே ஒரு ஆணி அடிக்கலாமா?” “அக்கா, கொல்லையில வாழைக் கன்னு வெக்கட்டா?” “அக்கா, ஆத்துல தண்ணி வந்துருச்சு, சத்தம் கேளுங்க.” நான் இல்லத்தில் ஒரு கிழவருக்குக் கம்பளிக் காலுறை மாட்டிவிட்டு, நடைபாதையில் நின்று அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்பேன். சில பதிவுகளில் பேச்சே இருக்காது. மழை பெய்யும், தூரத்தில் ஒரு பஸ் ஹார்ன், அபி பாடம் ஒப்பிக்கும் குரல். என் வீட்டில் மழை எப்படிக் கேட்கும் என்பதை அவள் அனுப்பித்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டு மழைக்கு நான் அதுவரை போனதேயில்லை.

ஒரு வருடம் நன்றாகப் போனது. பிறகு பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நகரின் நலச் சங்கத் தலைவர். மரியாதையான மனிதர். எங்கள் மனையில் கம்பி வேலி போட்டபோது நின்று பார்த்துக்கொண்டவர்.

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்மா. கவுச்சி வாடை வருதுன்னு நாலு பேரு சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. நானே மீன் சாப்பிடறவன்தான். ஆனா நகருக்குன்னு ஒரு தரம் இருக்கில்ல? நாளைக்கு நீங்க வந்து வாழப்போற இடம். பாத்துச் செய்யுங்க.”

இளங்கோவிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு யோசித்தார்.

“காலி பண்ணச் சொல்லிடலாம் அமுதா.”

“வாடை வருதுன்னு நீங்க நம்புறீங்களா?”

“வாடை பேச்சே இல்ல. இவங்களைப் பத்தி விசாரிச்சவங்க அடுத்து நம்மளைப் பத்தி விசாரிப்பாங்க. இது வரைக்கும் யாராவது கேட்டிருக்காங்களா?”

கேட்டதில்லை. நகரில் எங்களுக்கு ‘நார்வேக்காரர் வீடு’ என்று பெயர். அந்த ஒரு சொல்லுக்குக் கீழே எங்கள் தெருக்களின் பெயர்கள் பத்திரமாக மூடியிருந்தன. இளங்கோ திரும்பிப் போக ஆசைப்படும் தஞ்சாவூரில் அந்த மூடி இருந்தாக வேண்டும். வயதான காலத்தில் மார்பில் வலி என்றால் கதவைத் தட்ட ஒரு பக்கத்து வீடு வேண்டும். அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. அதனால்தான் சண்டை பெரிதானது. புரியாவிட்டால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

கடைசியில் கோடை விடுமுறைக்கு நேரில் போய், முகம் பார்த்துச் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. சொல்வது அவர் பொறுப்பு.

5

ஓட்டலில் அறை போட்டிருந்தோம். சித்ரா விடவில்லை. “சொந்த வீடு இருக்கையில ஓட்டல்லயா தங்குவீங்க? ஊரு என்ன சொல்லும் என்னைய?” என்று அவள் கணவர் முருகேசனைக் காரோடு திருச்சி விமான நிலையத்துக்கே அனுப்பிவிட்டாள்.

இப்படித்தான் நாங்கள் எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகளாகப் போனோம்.

அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் விழிப்பில் நடந்த மாதிரி இல்லை. எனக்கு எந்த சுவிட்சுக்கு எந்த விளக்கு என்று தெரியவில்லை. நான் தடவிக்கொண்டு நிற்க, அபி ஓடிவந்து போட்டாள். குளியலறைக் குழாயை இடப்பக்கம் திருப்பி, லேசாகத் தூக்க வேண்டுமாம். ஆற்றுப் பக்கத்து அறையை எங்களுக்கு ஒதுக்கி, புதுப் போர்வை விரித்திருந்தாள் சித்ரா. பயணக் களைப்பில் மத்தியானம் தூங்கிப்போனேன். விழித்தபோது ஜன்னல் முழுக்க மஞ்சள் வெளிச்சம். கீழே குக்கர் கூவியது. யாரோ படியில் ஏறிவரும் கொலுசுச் சத்தம். எந்த நாட்டில் இருக்கிறேன், யார் வீட்டில் இருக்கிறேன், எனக்கு என்ன வயது என்று எதுவும் தெரியாமல் கொஞ்ச நேரம் கிடந்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் படுத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

“எழுந்திரிங்கக்கா, காபி ஆறுது” என்றாள் சித்ரா.

மதியும் அபியும் முதல் நாள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். மதி பெர்கனில் எங்களோடு இரண்டு வார்த்தைக்கு மேல் தமிழ் பேசுவதை விட்டே ஒரு வருடம் ஆகியிருந்தது. அபி ஏதோ கேட்டதற்கு, “எனக்கு விளங்கேல்லை, ஆறுதலாக் கதையுங்கோ” என்று மெதுவாகப் பேசச் சொன்னாள்.

அபி அடுப்படிக்கு ஓடினாள். “அம்மா, இந்த அக்கா சிலோன் பேசுது!”

மதியின் முகம் சுருங்கியது. இனி இவள் வாயே திறக்கமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அபி திரும்பி வந்து எதிரே சம்மணமிட்டு, “இன்னும் பேசுக்கா” என்று கெஞ்சினாள். சாயங்காலத்துக்குள் அபி எதற்கெடுத்தாலும் “ஓம், ஓம்” என்று தலையாட்டத் தொடங்கியிருந்தாள்.

இரண்டு நாட்கள் போயின. இளங்கோ சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. முருகேசனோடு ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வருவார். என் முகத்தைப் பார்க்காமல் மாடிக்குப் போய்விடுவார்.

நான் வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். அடுப்படி, கொல்லை, துணி காயப்போடும் கொடி. எங்குமே வாடை இல்லை. சாம்பிராணி மணம்தான்.

“மீன் எல்லாம் எப்ப வைப்பீங்க, சித்ரா?” என்று கேட்டேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள். “இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து வீட்டுல மீனே வைக்கிறதில்லக்கா. இவரு லாரி ஷெட்டுலயே குளிச்சு, சட்டை மாத்திக்கிட்டுதான் நகருக்குள்ள வருவாரு. அபிக்கு மீனுன்னா உசுரு. ஊருக்குப் போறப்ப அவ பாட்டி வீட்டுல சாப்பிட்டுக்கும்.”

“யாராவது சொன்னாங்களா?”

“யாரும் ஒண்ணும் சொல்லலக்கா. நாங்களாத்தான்.” கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். “நல்ல வீடுக்கா இது. இதுல இருக்கணும்னா சிலதை வெளிய வெச்சிட்டுத்தான் வரணும்.”

மாடிப்படியில் இளங்கோ நின்றிருந்தார். எப்போது இறங்கி வந்தார் என்று தெரியாது. கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. பெர்கனில் எங்கள் முதல் வாடகை வீட்டில் தாளிக்கும்போது ஜன்னல் இடுக்குகளில் துணியை ஈரமாக்கிச் செருகிவைப்பவர் அவர்தான்.

“முருகேசனை நாளைக்குக் காலையில நல்ல கொடுவா மீனா எடுத்துட்டு வரச் சொல்லும்மா” என்றார் சித்ராவிடம். “எல்லாரும் சேந்து சாப்பிடுவோம்.”

6

ஞாயிற்றுக்கிழமை. சித்ரா முதலில் ஜன்னல்களைச் சாத்தப் போனாள். இளங்கோ அவள் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகத் திறந்தார். மண்சட்டியில் புளி கொதித்தது. கொடுவா துண்டங்கள் இறங்கியதும் அந்த மணம் கூடத்தைக் கடந்து, செம்பருத்தியைக் கடந்து தெருவுக்குப் போனது. அபி அடுப்படியை விட்டு நகரவில்லை.

பதினொரு மணிவாக்கில் கேட்டில் சத்தம். பக்கத்து வீட்டு சார். வெள்ளை வேட்டி, மூக்குக் கண்ணாடி. இளங்கோ போய்க் கேட்டைத் திறந்தார். நான் வாசற்படியில் நின்றேன்.

“வாங்க வாங்க! வந்ததே தெரியல. எங்க தங்கியிருக்கீங்க?”

“இங்கதான் சார்.”

“இங்கயா?” அவர் குரலைத் தாழ்த்தினார். “அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே. பாருங்க, என்ன வாடை வருதுன்னு. இதைத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்.”

“வருது சார். நான்தான் வைக்கச் சொன்னேன். இந்த வீட்டுல இதுதான் முதல் மீன் குழம்பு. சாப்பிடுறீங்களா?”

“இல்ல, இல்ல, சாப்டாச்சு” என்றார், காலை பதினொரு மணிக்கு. பிறகு சமாளித்துக்கொண்டார். “நான் குறையா சொல்லல. அவங்க பழக்கவழக்கம் வேற. நம்ம மாதிரி இல்ல. அதான்.”

இளங்கோவின் கை கேட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

“நாங்க யாருன்னு நீங்க கேட்டதேயில்லையே சார்” என்றார். குரல் உயரவில்லை. “எங்கப்பா கூலிக்கு நாத்துப் பறிச்சவரு. எங்கம்மா நடவாளு. அமுதா வீட்டுலயும் அப்படித்தான். ஊரு கூத்தாநல்லூர் பக்கம். தெருப் பேரும் சொல்லட்டுமா?”

சார் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டினார். “அதெல்லாம் நான் எதுக்குக் கேக்கப்போறேன் தம்பி?” என்றார். அதுவரை அவர் இளங்கோவைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

“இன்னொண்ணும் சொல்லிடறேன் சார். முருகேசன் இன்னும் மூணு வருஷம் இங்கதான் இருப்பாரு. அக்ரிமெண்ட் போட்டுட்டோம்.”

போடவேயில்லை. அன்று மாலைதான் போட்டார்கள்.

சார் தலையை ஆட்டிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை எதிரே வந்தபோது சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அந்த நகரில் எங்களுக்கு இனி எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இளங்கோ கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சித்ரா எதுவும் கேட்காமல் அவர் இலையில் பெரிய துண்டமாக வைத்தாள். மதி முள் எடுக்கத் தெரியாமல் திணற, அபி எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.

வெயில் சாய்ந்த பிறகு நாங்கள் இருவரும் மொட்டை மாடியில் நின்றோம். ஆறு ததும்பிப் போய்க்கொண்டிருந்தது. நகருக்கு அப்பால் மிச்சமிருந்த வயல்களில் குறுவைப் பயிர், பச்சைப் புகைபோல அசைந்தது.

“அப்ப நாம எப்பங்க வர்றது?” என்றேன்.

“அபி படிப்பு முடியட்டும்.”

“மதி படிப்பு முடிஞ்சதும்னு சொல்லிட்டிருந்தீங்க.”

அவர் சிரித்தார். அதில் ஏதோ ஒன்று விட்டுப்போன மாதிரியும் இருந்தது, ஏதோ ஒன்று லேசான மாதிரியும் இருந்தது. பல வருடமாக இரண்டு பேரும் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கனவை அவர் தன் பக்கத்திலிருந்து மெல்லக் கீழே வைத்தார். நான் என் பக்கத்து முனையை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன். பிறகு நானும் வைத்தேன்.

7

கிளம்பும் நாளில் முருகேசன் ஏலத்துக்குப் போயிருந்ததால் வாடகைக் கார் வந்தது. சித்ரா ஒரு டப்பாவில் நெத்திலிக் கருவாட்டை ஏழெட்டு உறை போட்டுச் சுற்றிக் கொடுத்தாள். “அங்க வாடைன்னு சொல்லுவாங்களாக்கா?” என்று கேட்டாள். “சொல்லட்டும்” என்றேன். அபியும் மதியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். வாசலில் நின்று சித்ரா, “அடுத்த தடவை மழைக்காலத்துல வாங்கக்கா” என்றாள். நான் “வர்றோம், போயிட்டு வர்றோம்” என்றேன். அவள் கேட்டைச் சாத்தி உள்பக்கம் கொக்கி போட்டாள்.

கார் புறப்பட்டது. ஓட்டுநர் இளைஞர். கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“பெரிய வீடா இருக்கு சார். தேக்குக் கதவெல்லாம் போட்டு, ஜோரா கட்டியிருக்காங்க. சொந்தக்காரங்க வீடா?”

நான் இளங்கோவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா தம்பி, சொந்தக்காரங்க வீடுதான்” என்றார்.